களைய முடியாத வேடம்

வேடம் இரு வகைப்படும். கூத்து முடிந்ததும் கழுவிக் களையத் தக்கது ஒன்று. பிறர்மேல் ஒட்டிக்கொண்டு, அவர் ஆயுள் முழுவதும் களைய முடியாமற் போவது மற்றொன்று. முதல் வகை வேடத்தைப் புனைந்தவனே இரண்டாம் வகையையும் உண்டாக்கிவிடுகிறான் என்றால், அவன்மீது குற்றம் உண்டா? உண்டெனில், அவன்மீது மட்டுந்தானா?

இவ்வினாவை எழுப்பியது தத்துவ நூல் எதுவும் அன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கண்டு களிக்கும் தொழில்முறைக் குஸ்திதான். தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் மாலை மதரஸாவுக்கு வரும் சிறுவர்கள், ஓத வேண்டிய பாடத்தை மறந்தாலும் அந்தப் பயில்வான்களின் பெயர்களை மறப்பதில்லை. "ஆலிம்சா, அவன் நெசமாவே கெட்டவனா, இல்ல நடிக்கிறானா?" என்று அவர்கள் கேட்கும்போது சிரித்து அனுப்பிவிடுவது எளிது. ஆயினும் நம் முன்னோரான அறிஞர் பெருமக்கள் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வந்த கேள்வி ஒன்று அச்சிறு வினாவுக்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில் இத்தொழிலின் இயல்பைக் கூறிவிடுவோம். தொழில்முறைக் குஸ்தியில் வெற்றியும் தோல்வியும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டவை. உடலில் விழும் அடியும், தரையில் மோதும் வலியும் பெரும்பாலும் மெய். முடிவு மட்டும் புனைவு. கோதாவில் நல்லவன் ஒருவனும் கெட்டவன் ஒருவனும் இறங்குவர். கெட்டவனின் வேலையே கடினமானது. கூட்டம் தன்னை வெறுக்குமாறு அவன் செய்ய வேண்டும்; அவ்வெறுப்பை மாதக்கணக்கில் வளர்க்க வேண்டும்; சீட்டு வாங்கியோர் மனம் குளிரும்படி உரிய நாளில் தோற்க வேண்டும்; அதே வேளையில் எதிராளியின் உடலுக்கு உண்மையான ஊறு நேராமலும் காத்துக்கொள்ள வேண்டும். நெடுங்காலம் இத்தொழிலார் யாவும் உண்மைப் போட்டியே என்று சாதித்து வந்தனர். 1989-ஆம் ஆண்டில்தான், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தார் முன், அந்நாட்டின் மிகப் பெரிய குஸ்தி நிறுவனத்தார் இது வெறுங்கேளிக்கை என ஒப்புக்கொண்டனர். விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறும் பொருட்டு வெளிவந்த உண்மை அது!

நம் நாட்டுப் பெரியவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. 1950-களிலும் 60-களிலும் தாராசிங், கிங்காங் என்ற இரு பெயர்களை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. கிங்காங் என்பவர் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் 1909-ஆம் ஆண்டு பிறந்த எமில் சாயா. சிங்கப்பூரைத் தம் ஊராக்கிக்கொண்டு ஆசிய நாடுகளெங்கும் குஸ்தி பிடித்து, 1970-இல் வாகன விபத்தொன்றில் அடிபட்டு மறைந்தார். மலை போன்ற அம்மனிதரைத் தூக்கி எறிந்த பஞ்சாபியர் தாராசிங், நாட்டின் செல்லப் பிள்ளையானார். 1962-இல் 'கிங்காங்' என்ற பெயரிலேயே ஓர் இந்திப் படமும் வெளிவந்தது. அதன் நாயகர் தாராசிங். இன்றும் ஒல்லியான ஒருவன் வீரம் பேசினால், "பெரிய தாராசிங் என்று நினைப்போ?" என்று நாம் கேலி பேசுகிறோம். விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு நாட்டு மக்கள், அயல் நிலத்து வெள்ளை உருவம் ஒன்று மண்ணில் வீழ்வதைக் கண்டு மகிழ்ந்தார்கள். அதனால் யாருக்கும் கேடு விளையவில்லை. நம் தெருக்களில் கிங்காங்கின் முகச்சாயல் கொண்ட ஏழைக் குடும்பம் எதுவும் அவருடைய வேடத்தின் பழியைச் சுமந்து வாழவில்லை.

இனி, தீயவனாக நடிப்பது தன்னளவில் பாவமா என்று காண்போம். நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களால் சீறாப்புராணம் பாடினார். அக்காப்பியத்தில் அபூஜகில் பேசுகிறான், செருக்குடன் பேசுகிறான், அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு எதிராகச் சூழ்ச்சியும் செய்கிறான். அச்சொற்களைப் புனைந்தவர் நபிகள் நாயகத்தின்மீது அளவிலாக் காதல் கொண்ட ஒரு புலவர். அப்பாடல்களை அவையில் ஓதிப் பொருள் சொல்லுவோரும் ஈமானில் குறைந்தவராகிவிடுவதில்லை. இறைமறுப்புச் சொல்லை எடுத்துரைப்பவன் அதனால் இறைமறுப்பாளன் ஆகமாட்டான் என்பது நம் சட்ட அறிஞர்களிடையே வழங்கும் நெறி. எடுத்துரைத்தல் வேறு, ஏற்றல் வேறு.

அரபு மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வந்த 'மகாமாத்' என்னும் நூலைச் சற்று எண்ணிப் பாருங்கள். பஸ்ராவைச் சேர்ந்த அல்ஹரீரி (மறைவு 1122) இயற்றியது. அதன் தலைவன் அபூஸைத், ஊருக்கு ஒரு வேடம் போட்டு, நாவன்மையால் மக்களை மயக்கிப் பணம் பறிக்கும் தந்திரக்காரன். ஒரு நாள் உபதேசியாவான், மறுநாள் முடவனாவான். இத்தகைய ஒருவனைப் படைக்கலாமா என்ற கேள்வி எழும் என்று ஆசிரியருக்கே தெரியும். விலங்குகளையும் உயிரற்ற பொருள்களையும் பேசவைத்துக் கதை சொன்னோரை யாரும் பொய்யர் என்று பழிக்கவில்லை, செயலின் மதிப்பு நிய்யத்தைப் பொறுத்ததன்றோ என்ற கருத்தில் அவர் தம் முன்னுரையிலேயே விடை கூறிவிட்டார். நம் உலமாக்களும் அந்நூலைத் தள்ளிவிடவில்லை. மாணவர் கையில் கொடுத்தார்கள்.

தமிழ்த் திரையிலும் இதற்குச் சான்று உண்டு. 2008-இல் மறைந்த எம்.என்.நம்பியார் அரை நூற்றாண்டுக்கு மேலாக வில்லனாகவே நடித்தவர். தம் வாழ்விலோ ஒழுக்கத்துக்கும் தம் சமய பக்திக்கும் பெயர் பெற்றவர். திரையில் கண்டு சபித்தோரே நேரில் கண்டு மதித்தனர். ஆகவே, கெட்டவன் வேடம் போட்ட குற்றத்துக்காக ஒருவனைக் கெட்டவன் என்று நாம் தீர்ப்பளிக்க இயலாது. சிறுவர்களின் கேள்விக்கு இது முதற்பாதி விடை.

மறுபாதிக்கு விடை காண, கடல் கடந்து போக வேண்டும். 1944-இல் பஞ்சாபில் பிறந்து இளமையிலேயே கனடாவில் குடியேறியவர் டைகர் ஜீத் சிங். 1971-இல் டொராண்டோ நகரில் அவர் நல்லவர். அங்குக் குடியேறியிருந்த நம் நாட்டவர், தலைப்பாகை அணிந்த தம்மவர் ஒருவர் வெல்வதைக் காணத் திரண்டனர். இரண்டே ஆண்டுகளில், 1973-இல், ஜப்பானில் அவர் கொடியவர். அதே தலைப்பாகை, அதே மனிதர். வாளைப் பல்லில் கவ்விக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்வார். மக்கள் நாற்காலிகளை விட்டுச் சிதறி ஓடுவர். அவ்வாண்டு நவம்பர் மாதம் தோக்கியோவின் ஷிஞ்சுக்கு பகுதியில், பெருங்கடை ஒன்றின் முன்னே மனைவியுடன் நின்றிருந்த ஜப்பானிய வீரர் அந்தோனியோ இனோக்கியை அவர் நடுத்தெருவில் தாக்கினார். அது முன்னேற்பாடா, மெய்யா என்று குஸ்தி ரசிகர்கள் இன்றும் வாதிடுகின்றனர்.

ஒரே தலைப்பாகை டொராண்டோவில் வீரத்துக்கும் தோக்கியோவில் கொடுமைக்கும் அடையாளமானது எப்படி? தலைப்பாகையில் இரண்டுமே இல்லை. பார்ப்பவர் யார், சீட்டு விற்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆனால் அக்காலத்து ஜப்பானியச் சிறுவன் ஒருவன் தன் வாழ்வில் கண்ட முதல் தலைப்பாகை அதுவாகவே இருந்திருந்தால், அடுத்து அவ்வூருக்கு வாணிபம் செய்யப் போன சீக்கியர் ஒருவரை அவன் எந்தக் கண்ணால் பார்த்திருப்பான்?

டொராண்டோவில் டைகர் ஜீத் சிங்கை எதிர்த்தவரும் ஒரு குடியேறியவரின் மகன்தான். லெபனானிலிருந்து வந்த பெற்றோருக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த எட் ஃபர்ஹத். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். கோதாவிலோ அவர் 'ஷெய்க்'. சிரியப் பாலைவனத்துச் செல்வர்! போட்டிக்கு முன் தொழுகை விரிப்பை விரித்து முழந்தாளிடுவார். பிறகு எதிராளியின் முகத்தில் நெருப்பை வீசுவார். விரிப்பும் நெருப்பும் ஒரே காட்சியின் இரு பகுதிகளாயின. நாம் ஸுஜூதில் நெற்றி பதிக்கும் துணி, கொடுமைக்கு முன்னறிவிப்பாக ஆயிரக்கணக்கானோருக்குக் காட்டப்பட்டது.

அடுத்து வந்தவர் ஹுஸைன் கோஸ்ரோ அலி வஸீரி. 1942-இல் ஈரானின் தாம்கான் நகரில் பிறந்தவர். மெய்யான மல்யுத்தத்தில் தேர்ந்தவர். 1972 ஒலிம்பிக்குக்குச் சென்ற அமெரிக்க மல்யுத்த அணிக்குத் துணைப் பயிற்சியாளராகவும் இருந்தவர். அத்திறமைக்குக் கிடைக்காத பணம் 'இரும்பு ஷெய்க்' என்ற வேடத்துக்குக் கிடைத்தது. 1979 நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தார் பிணைக்கைதிகளாக்கப்பட்டு 444 நாட்கள் வைக்கப்பட்டிருந்தனர். அச்சினம் ஆறாத மக்கள் முன் அவர் ஈரானியக் கொடியை ஆட்டி நின்றார். 1983 டிசம்பர் 26-இல் பட்டம் வென்றார். 1984 ஜனவரி 23-இல் நியூயார்க்கில் ஹல்க் ஹோகனிடம் தோற்றார். அவருடைய தோல்வியின் மேலேதான் ஹோகனின் புகழ் மாளிகை எழுந்தது. 2023 ஜூன் 7-இல் வஸீரி மறைந்தார்.

அவர் வாழ்வில் நெஞ்சை உறுத்தும் ஒரு செய்தி உண்டு. 1980 முதல் 1988 வரை ஈரானும் இராக்கும் எட்டாண்டுக் காலம் போரிட்டு இலட்சக்கணக்கான உயிர்களை இழந்தன. ஆயினும் 1991-இல் அமெரிக்கா இராக்குடன் போரிட்டபோது, இந்த ஈரானியருக்கு இராக்கியப் படை உடையை மாட்டி 'கர்னல் முஸ்தஃபா' என்று பெயரிட்டுக் கோதாவில் இறக்கினார்கள். ஈரானியர் வேறு, அரபியர் வேறு. ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்ட நாட்டினர் வேறு என்ற எண்ணமெல்லாம் சீட்டு விற்போருக்குத் தேவைப்படவில்லை. முகம் ஒன்றாகத் தோன்றினால் போதும் என்றாகிவிட்டது.

இவ்வரிசையில் இன்னொரு பெயர் உண்டு. 2004-ஆம் ஆண்டின் இறுதியில் 'முஹம்மத் ஹஸன்' என்றொருவர் கோதாவுக்கு வந்தார். 2001 செப்டம்பருக்குப் பிறகு, பிறந்த நாட்டிலேயே தம்மை அயலானாகவும் ஐயத்துக்குரியவராகவும் பார்க்கிறார்கள் என்று முறையிடும் அரபு அமெரிக்கர் என்பது அவருடைய வேடம். முறையீடு நியாயமானது. அந்த நியாயமான முறையீடே அவரைக் கெட்டவராக்கப் பயன்பட்டது என்பதுதான் கொடுமை! 2005 ஜூலை 4-இல் பதிவான ஒரு காட்சியில், அவர் மண்டியிட்டுத் தொழுவதுபோல் காட்ட, முகமூடி அணிந்த சிலர் வந்து எதிராளியைத் தாக்கினர். அது ஜூலை 7-இல் ஒளிபரப்பாயிற்று. அன்றுதான் இலண்டனில் குண்டுகள் வெடித்து 52 பேர் மாண்டனர். கண்டனம் எழுந்தது, அம்மாதமே அவ்வேடத்தை முடித்துவிட்டார்கள்.

அவ்வேடம் புனைந்தவர் அரபியரும் அல்லர். இத்தாலிய வம்சாவளியினரான மார்க் கோப்பனி என்ற அமெரிக்க இளைஞர். பின்னர் அவர் கோதாவை விட்டு நீங்கிப் பள்ளி ஆசிரியராகி, தலைமைப் பொறுப்புக்கும் உயர்ந்தார். அதற்காக அவரை நாம் வாழ்த்துவோம். ஆனால் சிந்தியுங்கள்: மார்க் கோப்பனி 'முஹம்மத் ஹஸன்' என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்பினார். பிறந்த ஏழாம் நாள் அப்பெயரைச் சூட்டிக்கொண்ட ஓர் அமெரிக்கச் சிறுவன் அதை எங்கே கழற்றி வைப்பான்? மறுநாள் வகுப்பில் ஆசிரியர் அவன் பெயரை உரக்கக் கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்த கண்களை எந்த ஒப்பனை நீரால் கழுவுவது?

"பார்ப்பவர்களுக்கு அது நடிப்பு என்று தெரியுமே!" என்பார் உண்டு. தெரியும், ஆனால் எது நடிப்பு என்று தெரியும்? மோதல் பொய் என்று அறிவார்கள். முடிவு பொய் என்று அறிவார்கள். முகம் பொய் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 'இவன் உண்மையில் அடிக்கவில்லை' என்று சிரிக்கும் அதே மனிதன், 'இவர்கள் இப்படிப்பட்டவர்கள்தாம்' என்ற எண்ணத்தை மட்டும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துச் செல்கிறான். உமறுப்புலவரின் அபூஜகில் கொடியவனாயிருப்பது அவனுடைய செருக்கினால். அவன் குறைஷியன் என்பதனால் அன்று. அண்ணலாரும் அக்குலத்தவர்தாமே! ஹரீரியின் அபூஸைத் ஏமாற்றுவது பேராசையால். அவனுடைய ஊரின் குணத்தால் அன்று. தீமையை மனத்தின் நோயாகக் காட்டும் கலை, காண்பவனைத் தன் மனத்தைத் தடவிப் பார்க்கச் செய்கிறது. தீமையை உடையாகவும் பெயராகவும் காட்டும் கலை, அவனை அடுத்த வீட்டுக்காரனை முறைத்துப் பார்க்கச் செய்கிறது.

நம் கடற்கரையில் இதை விளக்க நல்லதோர் உவமை உண்டு. தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது. அது நடந்த காலங்களில் சிப்பிகளைக் கரையில் குவித்து, ஓடு திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். எடுத்தவருள் சிலர் செல்வராயினர். பலர் வெறும் ஓட்டோடு வீடு சேர்ந்தனர். மூழ்குவோன் ஒரு முறை மூழ்கிக் கொண்டுவரப் போவதை முன்னதாகவே விலை பேசும் வாணிபத்தை நம் ஹதீஸ் நூல்கள் 'ளர்பத்துல் காயிஸ்' என்று பெயர் சொல்லியே விலக்குகின்றன. காணாத பொருளுக்கு விலை நிர்ணயிப்பதில் இருவரில் ஒருவருக்கு அநீதி நேரும் என்பதே காரணம். சடப்பொருளிலேயே இவ்வளவு எச்சரிக்கை என்றால், ஓட்டைப் பார்த்து மனிதனுக்கு விலை சொல்வது எத்தகைய அநீதி!

மக்கா வெற்றிக்குப் பின் நிகழ்ந்த ஒன்றை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அபூஜகிலின் மகன் இக்ரிமா, தப்பி ஓடியிருந்தவர், மனம் மாறித் திரும்பி வருகிறார். அவர் வந்து சேருமுன் பெருமானார் (ஸல்) தம் தோழர்களை எச்சரிக்கிறார்கள்: அவர் முன்னிலையில் அவருடைய தந்தையை ஏசாதீர்கள், இறந்தவனை ஏசுவது இருப்பவரைப் புண்படுத்தும் என்று. அபூஜகில் வேடதாரி அல்லன், மெய்யாகவே பகைவன். அவன் செய்த கொடுமைகளும் மெய். அப்படிப்பட்டவனின் பெயரால்கூட, அக்குற்றத்தில் பங்கில்லாத ஒருவர் மனம் நோகக் கூடாது என்பது நபிவழியாயின், இல்லாத கொடுமையைப் புனைந்து அதை ஒரு சமுதாயத்தின் பெயரில் எழுதுவது பற்றி என்ன சொல்வது? இக்ரிமா (ரலி) அவர்களோ பிற்காலத்தில் இஸ்லாத்திற்காகவே உயிரீந்தார்கள். தந்தையின் ஓட்டைக் கண்டு மகனை விலை பேசியிருந்தால் அம்முத்து நமக்குக் கிடைத்திருக்குமா?

இங்கு நடிகனின் நிலையையும் நீதியோடு நோக்க வேண்டும். வேற்று நாட்டில், மனைவி மக்களோடு வயிறு வளர்க்க வந்தவனிடம் ஒரே ஒரு வேடத்தை நீட்டி, "இதைப் போடு; இல்லையேல் போ" என்கிறார்கள். அவன் ஏற்றுக்கொள்கிறான். அவனுக்கு உரிமையான உடல், உழைப்பு, மானம் இவற்றை அவன் விற்கலாம்; அது அவன் பாடு. ஆனால் தொழுகை விரிப்பும், கொடியும், தலைப்பாகையும், முன்னோர் பெயரும் அவன் ஒருவனுக்கு உரியவை அல்ல. அவை ஒரு பெருங்கூட்டத்தார் அவனிடம் ஒப்படைத்திருக்கும் அமானத். அமானத்தை விற்க யாருக்கும் உரிமையில்லை. எனினும் குற்றத்தின் பெரும்பங்கு அவன் தலையில் அன்று. வேடத்தை எழுதியவன் தலையிலும், சீட்டு வாங்கியவன் தலையிலும் விழுகிறது. வாங்குவோர் இல்லாத சரக்கை எந்த வணிகனும் கடையில் வைப்பதில்லை.

சீட்டு வாங்கியோரில் நாமும் உண்டா என்று கேட்டுக்கொள்வது நலம். தமிழ்த் திரைப்படங்களில் குண்டு வைப்பவனுக்கெல்லாம் நம் பெயரைச் சூட்டும்போது நமக்கு வலிக்கிறது, வலிக்கத்தான் வேண்டும். ஆனால் நம் பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் வட்டிக்காரன் வரும்போது, அவன் ஏன் எப்போதும் 'சேட்டு'வாக, கொச்சைத் தமிழ் பேசி வருகிறான்? அதே பள்ளியில் படிக்கும் மார்வாடி வீட்டுப் பிள்ளை எங்கே அமர்ந்து அதைப் பார்க்கிறது என்று நம்மில் எவரேனும் திரும்பிப் பார்த்ததுண்டா? திண்ணையில் சொல்லும் வேடிக்கைக் கதையில் மூடனாகவும் கஞ்சனாகவும் வருபவன் எந்த ஊரான், எந்தத் தொழிலினன்? துறைமுகத்து மக்கள் நாம். கொழும்புக்குத் தோணியில் சரக்கேற்றி அயலாராக வாழ்ந்தவர் நம் பாட்டனார். வளைகுடா நாடுகளில் அயலாராக உழைப்போர் நம் பிள்ளைகள். அயலானின் முகத்தைக் கோமாளியாக்கும் உரிமை உலகில் யாருக்கேனும் இருந்தாலும், நமக்கு இல்லை. பிறரிடம் நாம் கேட்கும் நீதியை நம் திண்ணையில் முதலில் வழங்கியிருக்க வேண்டும்.

ஈடு செய்ய வழியே இல்லையா? உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்து மில்டன் நகரில் 2010-ஆம் ஆண்டு ஓர் அரசுப் பள்ளிக்கு டைகர் ஜீத் சிங் பெயர் சூட்டப்பட்டது. வாளைக் கவ்விக்கொண்டு கூட்டத்தை விரட்டியவரின் பெயரை எழுத்தறிவிக்கும் இடத்துக்கு வைப்பதா என்று கேட்கத் தோன்றும். பெயர் சூட்டியதற்குக் காரணம் கோதா அன்று; தம் ஊர்ப் பிள்ளைகளுக்காகவும் எளியோருக்காகவும் அவர் செய்து வந்த அறப்பணி. இதில் கவனிக்கத் தக்கது, அப்பணிகளை அவர் வேறு பெயரில் மறைந்து செய்யவில்லை என்பது. எந்தப் பெயரைக் கேட்டுக் கூட்டம் ஓடியதோ, அதே பெயரால் பிள்ளைகள் பள்ளிக்கு ஓடி வருகிறார்கள். ஓர் அடையாளத்தில் தன்னால் படிந்த கறையை, அவ்வடையாளத்தை மறைத்துக்கொண்டு துடைக்க முடியாது. அதை அணிந்துகொண்டே செய்யும் நன்மையால்தான் துடைக்க முடியும். ஹரீரியின் அபூஸைதும், போலித் தவ்பாக்கள் பல செய்த பின், நூலின் இறுதியில் பஸ்ராப் பள்ளிவாசலில் மெய்யான தவ்பாவைக் கண்டடைகிறான். அதுவும் தன் சொந்தப் பெயரில்.

ஆகவே, "அவன் நெசமாவே கெட்டவனா?" என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் சொல்லத் தக்க விடை இதுதான்: அவன் கெட்டவனா இல்லையா என்பதை அவனைப் படைத்தவன் அறிவான், அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம். அவன் அணிந்திருக்கும் உடையும், அவனுக்கு வைத்திருக்கும் பெயரும் யாருடையவை என்று பார். அவற்றோடு உலகில் பிறந்தவர்கள், உன்னைப் போன்ற பிள்ளைகள், எத்தனையோ பேர் உண்டு. திரையை அணைத்த பிறகும் அவர்களை நினைவில் வை.

நெஞ்சங்களை மட்டுமே நோக்கும் வல்ல நாயன், ஓடுகளைக் கண்டு விலை பேசும் பழக்கத்திலிருந்து நம்மையும் நம் மக்களையும் காப்பானாக!